பட்டம் இங்கே, பயணம் பிறகு

(இளங்கலைப் பொருளியல் மூன்றாமாண்டு மாணவி ஒருத்தியின் கருத்து)

பள்ளிப் படிப்பு முடிந்தது, அடுத்து என்ன? ஒவ்வோர் ஆண்டும் மே மாதத்தில் தமிழ்நாட்டில் ஏழெட்டு இலட்சம் வீடுகளில் எழும் கேள்வி இது. நம் பெற்றோர் காலத்தில் இக்கேள்விக்கு விடைகள் மிகச் சில. பக்கத்து ஊர்க் கல்லூரி, ஆசிரியர் பயிற்சி, ஐ.டி.ஐ., இல்லையேல் வயல். இன்று அந்த வரிசையில் புதிதாக ஒன்று வந்து நிற்கிறது. அதுதான் வெளிநாடு.

கடல் கடந்த கல்வி ஒரு காலத்தில் சமீன்தார் வீட்டுப் பிள்ளைகளுக்கும் வழக்கறிஞர் வீட்டுப் பிள்ளைகளுக்கும் உரியதாக இருந்தது. இன்று நம் பேருந்து நிலையச் சுவரிலேயே கனடாவும் ஜார்ஜியாவும் ஒட்டப்பட்டிருக்கின்றன. ஓட்டல் மண்டபங்களில் கல்விக் கண்காட்சி நடக்கிறது. ஆலோசனை இலவசம் என்கிறார்கள். அந்த ஏஜெண்டுகளில் பலருக்கு, சேர்த்துவிட்ட ஒவ்வொரு தலைக்கும் அயல்நாட்டுக் கல்லூரி தரகு கொடுக்கிறது என்பதை அவர்கள் சொல்வதில்லை. பதினேழு வயதுப் பிள்ளையும், பத்தாம் வகுப்பைத் தாண்டாத தந்தையும், ஒரே மாதத்தில், இந்தக் கூச்சலுக்கு நடுவில் முடிவெடுக்க வேண்டியிருக்கிறது.

வெளிநாட்டுக் கல்வியே வேண்டாம் என்று சொல்ல நான் எழுத முன்வரவில்லை. கிணற்றுத் தவளைகளாக வாழ்ந்து மடிவோம் என்பது என் கட்சியன்று. எப்போது போவது, யார் பணத்தில் போவது என்பவையே நான் எழுப்பும் வினாக்கள். நம்மைப் போன்ற எளிய குடும்பத்துப் பிள்ளைகள் முதல் பட்டத்தை இங்கே பெறவேண்டும். அடுத்த பட்டத்துக்கு அங்கே போகவேண்டும். என் துணிபு இதுவே.

இது எனக்கு வெறும் பட்டிமன்றப் பொருளன்று. என் தம்பி இவ்வாண்டு பிளஸ் டூ படிக்கிறான். அவனை வெளிநாட்டுக்கு அனுப்ப, எங்களுக்குள்ள ஒன்றரை ஏக்கர் பூர்விக நிலத்தை ஈடு வைக்கலாம் என்று வீட்டில் பேச்சு நடக்கிறது. "நீ படிச்ச பிள்ளை, நீயே சொல்லும்மா" என்று அப்பா என்னைக் கேட்டிருக்கிறார். அவருக்கு நான் சொல்லப்போகும் விடையைத்தான் இங்கே உங்கள் முன் வைக்கிறேன்.

முன்னே சென்றோர் வழி

படிப்பதற்காக வீட்டைப் பிரிந்து செல்வது தமிழர்க்குப் புதிதன்று. தொல்காப்பியம் பிரிவுக்குரிய காரணங்களில் ஓதலையும் ஒன்றாக வைக்கிறது. அந்தப் பிரிவு மூன்றாண்டைக் கடக்கலாகாது என்று எல்லையும் வகுக்கிறது. போகாதே என்று தடுக்கவுமில்லை. போனவனை மறந்துவிடு என்று விட்டுவிடவுமில்லை.

அண்மைக் காலத்துக்கு வருவோம். அண்ணல் அம்பேத்கர் அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குச் சென்றது 1913இல். அதற்கு முன்னரே 1912இல் பம்பாய் எல்பின்ஸ்டன் கல்லூரியில் பி.ஏ. பட்டம் பெற்றுவிட்டார். அவரை அனுப்பியது பரோடா சமஸ்தானத்தின் உதவித்தொகை. பின்னர் இலண்டனில் படித்துக்கொண்டிருந்தபோது உதவித்தொகைக் காலம் முடிந்துவிடவே, 1917இல் படிப்பைப் பாதியில் நிறுத்தித் தாயகம் திரும்பினார். பம்பாய் சிடன்ஹாம் கல்லூரியில் பேராசிரியராக வேலை பார்த்துப் பணம் சேர்த்து, 1920இல் மீண்டும் இலண்டன் சென்று விட்டதைத் தொட்டு முடித்தார். நம்மில் எத்தனை பேர் இதை அறிவோம்?

இயற்பியலறிஞர் சந்திரசேகர் 1930இல் கேம்பிரிட்ஜுக்குக் கப்பலேறியபோது அவருக்கு வயது பத்தொன்பது. ஆனால் சென்னை மாநிலக் கல்லூரிப் பட்டம் கையில் இருந்தது. அரசின் உதவித்தொகையும் இருந்தது. கப்பல் பயணத்திலேயே விண்மீன்களைப் பற்றிய புகழ்பெற்ற கணக்கைத் தொடங்கினார். 1983இல் நோபல் பரிசு பெற்றார். சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் இராமகிருஷ்ணன் 1971இல் பரோடாவில் பி.எஸ்சி. முடித்த பிறகே அமெரிக்கா சென்றார். 2009இல் அவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. கும்பகோணம் அரசுக் கல்லூரியில் உதவித்தொகையை இழந்த இராமானுசன், 1914இல் கேம்பிரிட்ஜுக்குப் புறப்பட்டபோது இருபத்தாறு வயதினர். அவர் போன செலவையும் சென்னைப் பல்கலைக்கழகம் ஏற்றது. சர் சி. வி. இராமனோ அயல்நாட்டில் படித்தவரே அல்லர். மாநிலக் கல்லூரியில் எம்.ஏ. முடித்தவர், முதன்முறையாகக் கடல் கடந்தது 1921இல்தான்.

காந்தியடிகள் பள்ளி முடித்ததும் போனாரே என்று நீங்கள் கேட்கலாம். உண்மைதான். மெட்ரிக்குலேஷன் தேறி, பவநகர்க் கல்லூரியில் ஒரு பருவம் மட்டும் இருந்துவிட்டு, 1888இல் பதினெட்டு வயதில் இலண்டன் சென்றார். செலவை அவருடைய அண்ணன் சுமந்தார். பாரிஸ்டராக 1891இல் திரும்பியவருக்குப் பம்பாயில் வழக்குகள் கிடைக்கவில்லை. 1893இல் தென்னாப்பிரிக்காவுக்குச் சென்றதற்குப் பிழைப்பும் ஒரு காரணம். மகாத்மாவான கதையைக் காட்டி எல்லாப் பிள்ளைகளையும் கப்பலேற்ற முடியுமா?

இப்பெரியோர் பலரிடத்தும் காணும் பொதுமை இதுதான். முதலில் தம் திறமையை இங்கே காட்டினர். பிறகு அந்தத் திறமையே அவர்களுக்குப் பயணச்சீட்டு வாங்கிக் கொடுத்தது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

பொருளியல் படிப்பவள் என்பதால் கணக்குக்கு வருகிறேன். நான்கு ஆண்டுப் படிப்புக்கு 30 இலட்சம் ரூபாய் கடன் என்று வைத்துக்கொள்வோம். பல நாடுகளுக்கு இது குறைந்த தொகையே. ஆண்டுக்கு ஏழரை இலட்சமாக நான்கு தவணையில் வாங்குகிறோம். வட்டி நூற்றுக்குப் பத்து. படிக்கும் காலத்துக்கும், படிப்பு முடிந்தபின் தரப்படும் ஓராண்டு அவகாசத்துக்கும் தனிவட்டி மட்டுமே போட்டாலும் பத்தரை இலட்சம் சேர்ந்துவிடும். ஆக, திருப்பிக் கட்டத் தொடங்கும் நாளில் கடன் நாற்பதரை இலட்சம். பத்தாண்டில் அடைப்பதானால் மாதந்தோறும் ஏறத்தாழ 53,500 ரூபாய் கட்டவேண்டும். மொத்தத்தில் 64 இலட்சத்துக்கு மேல் கட்டி முடிப்போம்.

இருபத்திரண்டு வயதில் கல்லூரியிலிருந்து வெளிவரும் இளைஞனின் தோளில் இந்த மூட்டை ஏறுகிறது. வேலை உடனே கிடைத்தால் நல்லது. கிடைக்கத் தாமதமானால்? வங்கிகள் வழக்கமாக ஏழரை இலட்சத்துக்கு மேற்பட்ட கல்விக் கடனுக்குச் சொத்து ஈடு கேட்கின்றன. அந்தச் சொத்து யாருடையது? பூர்விகச் சொத்தில் பெண்ணுக்கும் சம பங்கு என்று தமிழ்நாட்டில் 1989இலேயே சட்டம் வந்துவிட்டது. எங்கள் ஒன்றரை ஏக்கரில் எனக்கும் பங்குண்டு. ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் என் தங்கைக்கும் பங்குண்டு. ஒரு பிள்ளையின் முதல் பட்டத்துக்காக மூன்று பிள்ளைகளின் நிலம் வங்கிக்குப் போகிறது. அது திரும்பி வராவிட்டால் தங்கையின் படிப்புக்கு எங்கே போவது?

நான் பிளஸ் டூ முடித்தபோது எங்கள் வீட்டில் வெளிநாடு என்ற பேச்சே எழவில்லை. காலையில் பேருந்தேறி மாலையில் திரும்பும் கல்லூரி போதும் என்றார்கள். இதை நான் குறையாகச் சொல்லவில்லை, கணக்காகவே சொல்கிறேன். இங்கே எனக்கு ஆகும் கட்டணம் ஆண்டுக்குச் சில ஆயிரம். அரசுப் பள்ளியில் படித்தவள் என்பதால் 2022இல் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாய் வருகிறது. 2024 முதல் மாணவர்களுக்கும் தமிழ்ப் புதல்வன் திட்டம் உண்டு. கடன் ஒரு ரூபாய்கூட இல்லாமல் பட்டம் பெற்று வெளியேறப் போகிறேன். அதன்பின் எந்தத் திசையில் நடந்தாலும் என் கால்களில் தளையில்லை.

மாறிக்கொண்டே இருக்கும் விதிகள்

இரண்டாவது காரணம் காலம். முதல் பட்டம் மூன்று அல்லது நான்கு ஆண்டு. மருத்துவமானால் ஆறு ஆண்டு. முதுகலை ஓராண்டு அல்லது ஈராண்டு. அயல்நாட்டு விதிகளோ ஆண்டுக்கு ஆண்டு மாறுகின்றன.

கனடா நாட்டில் மாணவர் ஒருவர் தம் பிழைப்புச் செலவுக்குக் காட்டவேண்டிய தொகை 10,000 டாலராக இருந்தது. 2024 ஜனவரியில் அது ஒரேயடியாக 20,635 டாலர் ஆயிற்று. அதே மாதத்தில் மாணவர் அனுமதிகளுக்கு உச்சவரம்பும் அறிவிக்கப்பட்டது. ஆஸ்திரேலியாவில் 710 டாலராக இருந்த மாணவர் விசாக் கட்டணம் 2024 ஜூலையில் 1,600 ஆகி, 2025 ஜூலையில் 2,000 ஆனது. பிரிட்டனில் படிப்பு முடிந்தபின் ஈராண்டு தங்கி வேலை தேடலாம் என்ற வழி 2021இல் திறந்தது. அதை ஒன்றரை ஆண்டாகக் குறைக்கப்போவதாக அரசு 2025இல் அறிவித்தது. கட்டணமே இல்லாத நாடு என்று புகழப்பட்ட நார்வே, 2023இல் ஐரோப்பியர் அல்லாதவரிடம் கட்டணம் வாங்கத் தொடங்கியது.

இந்நாடுகளைக் குறை சொல்வது என் நோக்கமன்று. தத்தம் மக்கள் நலம் பார்ப்பது அவரவர் உரிமை. ஆனால், ஒரு விதியை நம்பி ஐந்தாறு ஆண்டுக்குப் பணயம் வைப்பவனைவிட, ஓராண்டுக்கோ ஈராண்டுக்கோ வைப்பவன் குறைவாக இழப்பான் அல்லவா?

மருத்துவக் கனவு

நம் ஊர்ப் பெற்றோர் பிள்ளையைப் பதினெட்டு வயதில் அனுப்பத் துணிவது பெரும்பாலும் மருத்துவத்துக்காகவே. ஆதலின் அதைத் தனியே சொல்லவேண்டும். இங்கே இடம் கிடைக்கவில்லை. தனியார் கல்லூரிக் கட்டணம் மலைபோல் நிற்கிறது. அங்கே அதில் ஒரு பங்கு போதும் என்கிறார்கள். ஆசை நியாயமானது. ஆனால் ஏஜெண்டு சொல்லாத பகுதியையும் அறிந்துகொள்ளவேண்டும்.

வெளிநாட்டில் மருத்துவம் படிக்கவும் நீட் தேர்வில் தகுதி பெற்றிருக்கவேண்டும் என்ற விதி 2018இல் வந்தது. தேசிய மருத்துவ ஆணையத்தின் 2021ஆம் ஆண்டு விதிகளின்படி, குறைந்தது 54 மாதம் ஆங்கில வழியில் படித்திருக்கவேண்டும். அதே கல்லூரியில் 12 மாதப் பயிற்சியும் முடித்திருக்கவேண்டும். திரும்பி வந்து இங்கேயும் 12 மாதப் பயிற்சி உண்டு. இடையில் 2002 முதல் நடந்துவரும் தகுதித் தேர்வு வேறு நிற்கிறது. அதில் 300க்கு 150 எடுக்கவேண்டும். எழுதுவோரில் பெரும்பாலோர் தவறிவிடுகிறார்கள். ஆறு ஆண்டும் நிலமும் போன பின்னர் மருத்துவர் என்று பெயர்ப்பலகை எழுத முடியாமல் தவிப்போரின் வேதனையை எந்த விளம்பரம் சொல்லும்?

விதிக்கு மேலாக ஊழும் உண்டு. 2020இல் கொரோனா வந்தபோது சீனத்திலிருந்து ஊர் வந்த நம் மாணவர்கள், 2022 ஆகஸ்டில் மீண்டும் விசா வழங்கத் தொடங்கும்வரை திரும்பிச் செல்ல இயலவில்லை. உடலைத் தொட்டுக் கற்கவேண்டிய மருத்துவத்தைக் கைப்பேசித் திரையில் கற்றார்கள். 2022 பிப்ரவரியில் உக்ரைனில் போர் மூண்டது. ஆபரேஷன் கங்கா என்ற பெயரில் விமானங்கள் பறந்தன. ஏறத்தாழ 22,500 இந்தியர் மீண்டு வந்தனர். அவர்களில் பெரும்பாலோர் மாணவர்களே. உயிர் பிழைத்து வந்தவர்களுக்கு மறுநாள் விடிந்தபோது எழுந்த கேள்வி, "என் படிப்பு என்ன ஆகும்?" என்பதுதான்.

உதவித்தொகை எப்போது வரும்?

இப்போது என் வாதத்தின் நடுப்புள்ளிக்கு வருகிறேன். பள்ளி முடித்தவனுக்கு உலகம் தரும் உதவி மிகக் குறைவு. பட்டம் பெற்றவனுக்குத் தரும் உதவி மிகுதி. இந்திய அரசின் தேசிய அயல்நாட்டு உதவித்தொகை முதுகலைக்கும் முனைவர் பட்டத்துக்கும்தான். ஆதிதிராவிடர், பழங்குடி மாணவர்க்குத் தமிழ்நாடு அரசு தரும் அயல்நாட்டுக் கல்வி உதவியும் அப்படியே. 1959இல் தொடங்கிய காமன்வெல்த் உதவித்தொகை, ஐரோப்பிய ஒன்றியத்தின் எராஸ்மஸ் முண்டஸ் ஆகியவையும் பட்டம் பெற்றோரையே பெரிதும் எதிர்பார்க்கின்றன. பிரிட்டனின் செவனிங் உதவித்தொகைக்குப் பட்டத்தோடு ஈராண்டு வேலை அனுபவமும் வேண்டும்.

ஜெர்மனியை எடுத்துக்கொள்வோம். பாடன்-வூர்ட்டம்பர்க் மாநிலம் நம்மிடம் பருவத்துக்கு 1,500 யூரோ வாங்குகிறது; பிற மாநிலங்களின் அரசுப் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலானவற்றில் கல்விக் கட்டணமே இல்லை. இருந்தும் நம் பிளஸ் டூ சான்றிதழை மட்டும் வைத்துக்கொண்டு அங்கே நேரே இளங்கலையில் சேர்வது பொதுவாக இயலாது. பட்டத்தோடு போனால் முதுகலைக் கதவு திறக்கிறது. அப்போதும் ஓராண்டு வாழ்க்கைச் செலவை முன்கூட்டி வங்கியில் போட்டுக் காட்டவேண்டும். 2024 செப்டம்பர் முதல் அத்தொகை 11,904 யூரோ. எளிய தொகையன்று. ஆயினும் நான்காண்டுக் கடனோடு ஒப்பிட்டால், இரண்டு மூன்று ஆண்டு வேலை பார்த்துச் சேர்க்கக்கூடிய கனவாவது ஆகும்.

விதிவிலக்குகளையும் மறைக்கலாகாது. ஜப்பான் அரசு பள்ளி முடித்தோர்க்கும் முழு உதவித்தொகை தருகிறது. அமெரிக்காவின் ஹார்வர்டு, எம்.ஐ.டி. போன்ற சில நிறுவனங்கள் தாம் தேர்ந்தெடுக்கும் மாணவனின் குடும்ப வருவாய்க்கு ஏற்பச் செலவை ஏற்கின்றன. இத்தகைய இடம் ஒருவனுக்குக் கிடைக்குமானால், மறுநாளே மாலை போட்டு வழியனுப்பவேண்டும். நிலத்தை விற்காமல் கிடைக்கும் கல்விக்கு நான் எதிரியல்லள்.

மறுப்போர்க்கு விடை

"இங்கே என்ன தரம் இருக்கிறது?" என்பர் சிலர். கேள்வி நியாயமானதே. நம் அரசுக் கல்லூரிகளில் நிரந்தரப் பணியிடங்கள் பல நிரப்பப்படாமல், குறைந்த ஊதியத்தில் கௌரவ விரிவுரையாளர்கள் சுமை இழுக்கிறார்கள். ஆய்வுக்கூடத்தில் ஒரு கருவியைச் சுற்றிப் பத்துப் பேர் நிற்கிறோம். ஆனால், பணம் கொடுத்தால் யாரையும் சேர்த்துக்கொள்ளும் அயல்நாட்டுக் கல்லூரியின் தரம் மட்டும் என்ன? நம் பிள்ளைகளுக்கு ஏஜெண்டு காட்டுவது பெரும்பாலும் கேம்பிரிட்ஜ் அன்று. அதே ஊரில் அதே எழுத்தில் பெயர்ப்பலகை வைத்த வேறொன்று.

"மூன்றாண்டுப் பட்டத்தை அமெரிக்காவில் ஏற்கமாட்டார்கள்" என்பர் வேறு சிலர். பதினாறாண்டுக் கல்வி கேட்கும் பல்கலைக்கழகங்கள் அங்கே உண்டு. அப்படியானால் இங்கேயே எம்.ஏ., எம்.எஸ்சி. முடித்துவிட்டுப் போவோம். பிரிட்டனிலும் ஜெர்மனியிலும் மூன்றாண்டுப் பட்டத்துக்கு இடமுண்டு.

மூன்றாவது மறுப்பே என் நெஞ்சைத் தொடுவது. "இந்த ஊரை விட்டுப் போனால்தான் சிலரால் மூச்சுவிட முடியும்" என்றாள் என் வகுப்புத் தோழி ஒருத்தி. தெருப்பெயரைக் கேட்டுச் சாதியை அளப்போர் நடுவில் வளரும் பிள்ளைக்கும், கல்லூரி முடிந்த மறுமாதமே மணமேடைக்கு இழுக்கப்படும் பெண்ணுக்கும் தூரமே ஒரு மருந்து. இதை நான் மறுக்கமாட்டேன். ஆனால் அந்தத் தோழிக்கு நான் சொன்னது இதுதான்: கடன் வாங்கி அனுப்பப்பட்டவள், கடன் கொடுத்தவரின் சொல்லைக் கேட்டே வாழவேண்டும். தன் மதிப்பெண்ணால் உதவித்தொகை பெற்றுப் போகிறவள் யாருக்கும் கைகட்டி நிற்கவேண்டியதில்லை. விடுதலை வேண்டுவோர்க்குத்தான் என் வழி இன்னும் பொருந்தும். மூன்றாண்டு பொறுக்கவேண்டும் என்பதே அதன் விலை. அந்த விலை சிலருக்குக் கடினமானது என்பதையும் ஒப்புகிறேன்.

செய்யவேண்டுவது

ஆசிரியப் பெருமக்களுக்கு ஒரு விண்ணப்பம். முதல் பட்டத்தை இங்கே பெறுங்கள் என்று நான் சொல்வது, அடுத்த படிக்கு இங்கே ஏணி இருந்தால்தான் நியாயமாகும். உதவித்தொகை அறிவிப்புகளுக்கென்று நூலக வாசலில் ஒரு பலகை வேண்டும். பரிந்துரைக் கடிதம் எழுதும் முறையை அறிந்த ஓர் ஆசிரியர் துறைக்கு ஒருவர் வேண்டும். மாலையில் ஒரு மணி நேரம் ஆங்கிலப் பேச்சுப் பயிற்சி வேண்டும். இவற்றுக்குக் கோடிகள் தேவையில்லை, மனம் போதும். இல்லையேல் நம் மாணவர் மீண்டும் பேருந்து நிலையச் சுவரைத்தான் படிப்பர்.

தோழர்களே, தோழியர்களே! உங்கள் வீட்டிலும் பிளஸ் டூ முடிக்கும் தம்பியோ தங்கையோ இருக்கக்கூடும். நம் குடும்பங்களில் கல்லூரியைக் கண்ட முதல் தலைமுறை நாம். ஏஜெண்டைக் கேட்பதற்கு முன் அவர்கள் நம்மைக் கேட்பார்கள். "எனக்குத் தெரியாது" என்று நழுவாதீர்கள். காகிதமும் பேனாவும் எடுத்து வட்டியைக் கணக்கிட்டுக் காட்டுங்கள். அந்நாட்டு விதியைப் படித்துச் சொல்லுங்கள். வீட்டிலுள்ள மற்றப் பிள்ளைகளின் பெயர்களையும் அந்தக் காகிதத்தில் எழுதுங்கள்.

என் தம்பிக்கு நான் சொல்லப்போவது இதுதான்: "மூன்றாண்டு இங்கே படி. முதல் வகுப்பில் தேறு. நிலம் இருக்கும் இடத்திலேயே இருக்கட்டும். உன்னைத் தேடி உதவித்தொகை வரும் நாளில், உன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு விமான நிலையத்துக்கு முதலில் வருபவள் நானாக இருப்பேன். இல்லை, எனக்கு முதலில் வந்துவிட்டால், என் பெட்டியை நீ தூக்கு."